யாழ்ப்பாணத்து நிலக்காட்சி ஓவியமும் சித்திர ஆசிரியர் மரபும்

நிலமும் பொழுதும் முதற்பொருள் என வகுத்தது தொல்காப்பியம். நிலத்தை மட்டும் கூறி அமையாது, அந்நிலத்துக்குரிய பெரும்பொழுதையும் சிறுபொழுதையும் உடன்வைத்து எண்ணிய நுண்மை அந்நூலுக்கு உரியது. வெட்டவெளியில் அமர்ந்து நீர்வண்ணத்தால் நிலக்காட்சி தீட்டும் ஓவியனை எதிர்கொள்வனவும் இவ்விரண்டே. நிலம் அவன்முன் அசையாது கிடக்கும். பொழுதோ கணந்தோறும் மாறும். காலையில் மேற்கே நீண்ட பனையின் நிழல், அவன் வானத்தைத் தீட்டி முடிக்குமுன் குறுகிவிடும். எனவே நிலக்காட்சி ஓவியம் ஓர் இடத்தின் உருவம் மட்டுமன்று. அவ்விடத்தில் ஒரு வேளையின் பதிவும் ஆகும்.

இத்துணை நுட்பமாக நிலத்தைப் பாடிய தமிழர் மரபில், நிலம் தனியொரு ஓவியப் பொருளாதல் நெடுங்காலம் நிகழவில்லை. சித்தன்னவாசலின் தாமரைப் பொய்கை போன்ற அரிய காட்சிகள் உளவேனும், கோயிற் சுவரோவியங்களில் மலையும் மரமும் பெரும்பாலும் தெய்வங்கட்கும் மாந்தர்க்கும் பின்புலமாகவே நின்றன.

வெளியில் அமர்ந்து காட்சி தீட்டும் வழக்கம் இலங்கைக்கு ஐரோப்பியரோடு வந்தது. இங்கிலாந்தில் வில்லியம் றீவ்ஸ் ஆக்கிய, நீர் தொட்டவுடன் கரையும் வண்ணக்கட்டிகள் 1781இல் பரிசு பெற்றன. வண்ணத்தை அரைத்துக் குழைக்கும் வேலை ஒழிந்து, ஒரு சிறு பெட்டியும் நீரும் தூரிகையும் காகிதமும் போதுமென்றாயிற்று. படை அதிகாரியும் பயணியும் அப்பெட்டியுடன் கீழைநாடுகளுக்கு வந்தனர். சாமுவேல் டானியல் தம் இலங்கைக் காட்சிகளை 1808இல் நூலாக வெளியிட்டார். அயர்லாந்து ஓவியர் அண்ட்ரூ நிக்கல் 1846இல் கொழும்புக்கு வந்து, இன்றைய றோயல் கல்லூரியின் முன்னோடியாகிய கொழும்பு அக்கடமியில் சித்திரம் கற்பித்தார். இத்தகையோர் பெரிதும் விரும்பியவை மலையும் அருவியும் இடிந்த நகரங்களும் ஆகும். மலையற்ற, வற்றாத ஆறற்ற யாழ்ப்பாணக் குடாநாடு அவர்தம் கண்ணை அதிகம் ஈர்த்திலது.

அந்நிலத்தைக் காணும் பணி அந்நிலத்தவர்க்கே எஞ்சியது. அதற்கு வழிகோலியது பாடசாலைச் சித்திரக் கல்வி. 1920 முதல் 1932 வரை இலங்கையின் தலைமைச் சித்திர வித்தியாதரிசியாக இருந்தவர் சி. எவ். வின்சர் என்னும் ஆங்கில ஓவியர். அச்சுப்படத்தைப் பார்த்துப் படியெடுக்கும் முறையை விடுத்து, மாணவர் தம் சூழலைத் தாமே நோக்கி வரைதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. வட பகுதிச் சித்திர வித்தியாதரிசியாக விளங்கிய எஸ். ஆர். கனகசபை, அவர் பெயரைத் தாங்கிய ஓவியக் கழகத்தை 1938இல் யாழ்ப்பாணத்தில் நிறுவினார். கொழும்பில் புகழ்பெற்ற '43 குழு' தோன்றுதற்கு ஐந்தாண்டு முற்பட்டது இக்கழகம் என்பது ஊன்றி நோக்கத்தக்கது. அதன் உறுப்பினர் பெரும்பாலும் பாடசாலைச் சித்திர ஆசிரியர்கள். நிலக்காட்சியும் உருவப்படமும் இயற்பண்பு வழுவாது தீட்டுதலே அவர்தம் நெறி.

ஆசிரியரின் தொழிலுக்கு நீர்வண்ணம் இயைந்தது. தைலவண்ணத்தினும் செலவு குறைந்தது. துவிச்சக்கர வண்டியில் கட்டிச் செல்லத்தக்கது. ஒரு விடுமுறைக் காலையில் ஒரு படத்தை முடிக்க இடந்தருவது. ஆயினும் அது எளிய கலையன்று. நீர்வண்ணத்தில் வெண்மை என்பது தீட்டாது விட்ட காகிதமே. ஒளியை முன்னரே ஒதுக்கிவைத்து, மெல்லிய நிறத்திலிருந்து கருமைக்குப் படிப்படியாகச் செல்லல் வேண்டும். கருமையேறிய இடத்தை மீண்டும் வெளுப்பித்தல் அரிது. சோளகக் காற்றுக் காலத்தில் பூசிய நீர் பரவுமுன் உலர்ந்துவிடும். மாரியிலோ உலரவே மாட்டாது. தட்டையான நிலமாதலின் அடிவானம் தாழ்ந்து, படத்தின் பெரும்பகுதி வானமாகிவிடும். வலிகாமத்துச் செம்மண், கிடுகு வேலி, துலாக்கிணறு, பனங்கூடல், மணற்காட்டு வெண்மணல், மாலையில் நிறம்மாறும் களப்பு ஆகிய இவையே இந்நிலத்தின் செல்வம். நெய்தலுக்கு எற்பாடு என வகுத்த முன்னோர் நுண்மையை, களப்புக் கரையில் தூரிகையோடு நிற்பவன் கண்ணாரக் காண்பான்.

இம்மரபு அடுத்த தலைமுறைக்கும் சென்றது. குருநகரில் 1933இல் பிறந்து, கொழும்பில் டேவிட் பெயின்ரரிடம் பயின்ற அ. மாற்கு, நவீன ஓவியத்துக்குத் திரும்பியவர். எனினும் 1959இல் விடுமுறைக்கால ஓவியர் கழகத்தை அமைத்து, ஆசிரியரின் ஓய்வுநாளைக் கலைக்கு ஆக்கும் பழைய வழியையே அவர் பின்பற்றினார். பாணி மாறிற்று, வழி மாறவில்லை.

எளிதில் தூக்கிச் செல்லத்தக்க காகிதம், எளிதில் அழியத்தக்கதும் ஆகும். வெயிலில் நிறம் மங்கும், ஈரத்தில் பூஞ்சணம் பிடிக்கும், கறையான் அரிக்கும். இவற்றினும் கொடியது போர். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டது. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் ஓரிரவில் ஊர்விட்டகன்றபோது, கையில் எடுத்தவை போக ஏனையவை வீடுகளிலேயே கிடந்தன. மாற்குவின் படைப்புகளும் பல அவ்விடப்பெயர்வில் அழிந்தன.

எஞ்சியவற்றின் மதிப்பு இதனாலேயே பன்மடங்காகின்றது. போரினால் 1990இல் மக்கள் வெளியேறிய மயிலிட்டித் துறை, 2017இலேயே மீளக் கையளிக்கப்பட்டது. திரும்பியோர் பலர் கண்டது இடிபாடும் பற்றைக்காடுமே. எல்லைகளை உறுதி காட்டும்; தூரத்தை நிலப்படம் காட்டும். வேலியோரத்து மரம் எங்கு நின்றது, மாலை வெயில் கிணற்றடியில் எவ்வாறு வீழ்ந்தது என்பவற்றை அவை காட்டா. அத்தகைய ஊரொன்றை முன்னாளில் ஓர் ஆசிரியர் ஒரு காலைப்பொழுதில் தீட்டியிருப்பின், அக்காகிதம் கலைப்பொருள் மட்டுமன்று, வரலாற்றுச் சான்றுமாம்.

ஆதலின், பழைய சித்திர ஆசிரியர்களின் குடும்பங்களில் எஞ்சியுள்ள நீர்வண்ணப் படங்களைத் தேடி அட்டவணைப்படுத்தலும், ஒளிப்படமெடுத்து வைத்தலும், நேர்வெயில் படாது காத்தலும் கல்லூரிகளும் பழைய மாணவரும் காலந்தாழ்த்தாது மேற்கொள்ளத்தக்க கடமையாகும். இன்று வரையும் மாணவன் தன் படத்தின் பின்புறத்தில் இடத்தையும் நாளையும் வேளையையும் குறித்து வைத்தல் நன்று. நிலமும் பொழுதும் சேர்ந்தே முதற்பொருள் ஆதலின்.