கித்துல்கல ராஃப்டிங்

இலங்கையின் கேகாலை மாவட்டத்தில், கொழும்பிலிருந்து ஹட்டன் செல்லும் வழியில் உள்ள கித்துல்கலவில் களனி கங்கையின் நீர்விரைவுகளில் நடத்தப்படும் வழிகாட்டியுடனான ரப்பர் படகுப் பயணம். மஸ்கெலி ஓயாவும் கெஹெல்கமு ஓயாவும் சேர்ந்த பிறகே ஆறு களனி எனப் பெயர் பெறுகிறது. ஒன்று முதல் ஆறு வரையான பன்னாட்டுக் கடினத் தரவரிசையில் இங்குள்ள நீர்விரைவுகள் பெரும்பாலும் இரண்டு, மூன்று. நீச்சல் தெரியாதவரும் தலைக்கவசம், மிதவைச் சட்டையுடன் ஏறலாம்.

ஆற்றின் வேகம் மழையை மட்டும் நம்பியதல்ல. மேலே காசல்றீ, மவுசாகலை நீர்த்தேக்கங்களில் தொடங்கும் லக்சபான நீர்மின் தொடர் எப்போது தண்ணீர் விடுகிறதோ அதைப் பொறுத்தே படகின் ஓட்டமும் அமையும். அதனால்தான் இதே ஆற்றில் 35 மெகாவாட் புரோட்லண்ட்ஸ் நீர்மின் திட்டம் வந்தபோது ராஃப்டிங் தொழிலில் கவலை எழுந்தது.

வழிகாட்டி பின்முனையில் அமர்ந்து திசை திருப்புவார். துடுப்பு போடுவது பயணிகள். தண்ணீரில் விழுந்தால் எழுந்து நிற்க முயலக்கூடாது: பாறை இடுக்கில் கால் சிக்கினால் வெள்ளம் ஆளைக் கவிழ்த்து அமுக்கிவிடும். மல்லாந்து, கால்களை நீரோட்டத் திசையில் நீட்டி மிதக்க வேண்டும்.

1957இல் வெளியான 'தி பிரிட்ஜ் ஆன் தி ரிவர் குவாய்' திரைப்படத்தின் பாலம் கித்துல்கலவில்தான் கட்டித் தகர்க்கப்பட்டது. அதன் பின்னணியான, இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியர் அமைத்த சயாம் மரண ரயில்பாதையில் மடிந்த மலாயாத் தமிழர்களுக்குப் படத்தில் இடமில்லை என்பதையும் இங்கே குறிப்பிடத்தான் வேண்டும்.