தாவரவழி வெள்ளி நானோதுகள்கள்

தாவரவழி வெள்ளி நானோதுகள்கள் என்பவை, தாவரச் சாற்றின் உதவியால் வெள்ளி உப்பிலிருந்து உருவாக்கப்படும், 1 முதல் 100 நானோமீட்டர் வரை அளவுள்ள வெள்ளித் துகள்கள் ஆகும். பாக்டீரியாக்களைக் கொல்லும் தன்மை உடையவையாதலால், நீரிழிவு நோயாளிகளின் புண்களில் ஏற்படும் தொற்றுக்கு இவை மருந்தாகுமா என ஆராயப்பட்டு வருகின்றது.

நீரிழிவுப் புண்

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவுடன் நடந்து 2023 இல் வெளியான ஆய்வு, நாட்டில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு இருப்பதாக மதிப்பிட்டது. நாட்பட்ட நீரிழிவில் கால் நரம்புகள் உணர்வை இழக்கின்றன. இரத்த ஓட்டமும் குறைகின்றது. நாஞ்சில் நாட்டு வயலிலோ குமரிக் கடற்கரையிலோ வெறுங்காலுடன் உழைப்பவருக்கு இந்நிலையில் முள் தைத்தாலும் வலி தெரியாது. கவனிக்கப்படாத புண்ணில் ஸ்டாபிலோகாக்கஸ் ஆரியஸ், சூடோமோனாஸ் ஏருஜினோசா போன்ற பாக்டீரியாக்கள் பிசின் போன்ற உயிரிப்படலம் அமைத்துத் தங்குகின்றன. இப்படலத்தினுள் மருந்துகள் எளிதில் வேலை செய்வதில்லை. தொற்று எலும்பை எட்டினால் விரலையோ காலையோ அகற்ற நேரிடலாம்.

தயாரிப்பு

இலையை நீரில் கொதிக்க வைத்து வடிகட்டிய சாறு, பெரும்பாலும் 1 மில்லிமோலார் செறிவுள்ள வெள்ளி நைத்திரேட்டுக் கரைசலுடன் கலக்கப்படும். சாற்றிலுள்ள பாலிபீனால் முதலிய பொருட்கள் வெள்ளி அயனிகளை உலோக வெள்ளியாக ஒடுக்குகின்றன. கரைசல் பழுப்பு நிறமாவதே துகள்கள் தோன்றியதற்கு முதல் அடையாளம். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரி குழுவினர் 2003 இல் ஜெரேனியம் இலையையும் 2004 இல் வேப்பிலையையும் பயன்படுத்தி இம்முறையைப் பரவலாக்கினர்.

கன்னியாகுமரி மாவட்டத்தின் பாதையோரங்களிலும் வளரும் வெட்டுக்காயப்பூண்டும் இதற்குப் பயன்பட்டுள்ளது. வெட்டுக்காயத்தில் இதன் சாற்றைப் பிழிந்து விடுவது தமிழகக் கைவைத்தியம். (நாட்டு மூலிகையாகக் கருதப்பட்டாலும் இச்செடி வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது.) எனினும் பச்சிலைச் சாறு வேறு, நானோதுகள் வேறு. சாற்றைக் கிருமி நீக்காமல் நீரிழிவுப் புண்ணில் இடுவது தொற்றை மிகுவிக்கக்கூடும்.

செயற்பாடும் வரம்புகளும்

துகள்களிலிருந்து வெளிப்படும் வெள்ளி அயனிகள் பாக்டீரியாவின் சவ்வைச் சிதைத்து, கந்தகம் கொண்ட புரதங்களுடன் பிணைந்து அவற்றைச் செயலிழக்கச் செய்கின்றன. வெளியாகும் ஆய்வுகளுள் மிகப் பல, அகார் தட்டில் துகளைச் சுற்றிப் பாக்டீரியா வளராத வட்டத்தை அளப்பதுடன் நின்றுவிடுகின்றன. புண் அகார் தட்டு அன்று. சீழிலுள்ள புரதங்களும் குளோரைடும் வெள்ளி அயனிகளைப் பிடித்து வலுவிழக்கச் செய்யும். அளவு மிகுந்தால் புண்ணை ஆற்றும் தோல் செல்களும் பாதிக்கப்படும். இலை பறித்த பருவமும் மண்ணும் மாறினால் துகளின் அளவும் மாறக்கூடும். பாக்டீரியாக்கள் வெள்ளியையும் எதிர்க்கப் பழகுவதுண்டு. பாஸ்டன் நகர மருத்துவமனை ஒன்றின் தீக்காயப் பிரிவில் வெள்ளி நைத்திரேட்டுக்கு அடங்காத சால்மொனெல்லா 1975 இல் பதிவாயிற்று.

வெள்ளி கலந்த கட்டுகள் ஏற்கனவே விற்பனையில் உள்ளன. ஆயினும் நீரிழிவுக் காற்புண்ணில் அவற்றின் பயனை ஆராய முற்பட்ட 2006 ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வுக்குத் தகுதியான சமவாய்ப்புச் சோதனை ஒன்றும் கிடைக்கவில்லை. நீரிழிவுப் பாதத்திற்கான பன்னாட்டுச் செயற்குழுவின் 2023 வழிகாட்டுதலும் காற்புண் தொற்றுக்கு வெள்ளி மருந்துகளைப் பரிந்துரைக்கவில்லை. இறந்த திசுவை அகற்றல், தகுந்த நுண்ணுயிர் எதிர்ப்பி, புண்மீது உடல் எடை விழாமல் காத்தல், இரத்த ஓட்டத்தையும் சர்க்கரை அளவையும் சீராக்கல் ஆகியவையே நடைமுறைச் சிகிச்சையாகும்.