தேரா, சாரதியா?

நளன் தேர் ஊர்ந்த கதையை நாம் அறிவோம். ஒரே பகலில் நெடுவழி கடந்த அப்பெருமை சாரதிக்கு உரியதா, அவன் தேர்ந்தெடுத்த குதிரைகளுக்கு உரியதா என்னும் வினா அக்கதை கேட்ட எவர் உள்ளத்திலும் எழக்கூடியதே. அதே வினாதான், இருபதாம் நூற்றாண்டில் மோட்டார்ப் பந்தயக் களத்தில் வேறு உருவில் எழுந்தது. ஃபார்முலா ஒன்று எனப்படும் உலகப் போட்டி 1950-ஆம் ஆண்டில் தொடங்கிற்று. அன்றுமுதல் அன்பர்கள் ஓயாது வாதிடும் பொருள், வென்றவன் மனிதனா, வண்டியா என்பதே. முதற் பத்தாண்டின் வரலாற்றைக் கொண்டு இவ்வினாவை ஆராய்வோம்.

அர்ஜென்டினா நாட்டவரான ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ ஐந்து முறை உலகப் பட்டம் பெற்றவர். 1951-இல் ஆல்ஃபா ரோமியோ, 1954-இல் மாசராட்டியும் மெர்சிடிஸும், 1955-இல் மெர்சிடிஸ், 1956-இல் ஃபெராரி, 1957-இல் மீண்டும் மாசராட்டி என நான்கு நிறுவனங்களின் வண்டிகளில் அவர் வென்றார். குதிரை மாறியும் வெற்றி மாறாததால், பெருமை சாரதிக்கே உரியது என்பர் ஒரு சாரார். சிறந்த குதிரை எந்த லாயத்தில் நிற்கிறது என்று அறிந்து அங்கே சென்றதுதான் அவர் திறமை என்பர் மற்றொரு சாரார். இரண்டிலும் உண்மை உண்டு. மெர்சிடிஸ் 1954, 1955 ஆகிய ஈராண்டுகளில் கலந்துகொண்ட பன்னிரண்டு உலகப் போட்டிப் பந்தயங்களில் ஒன்பதில் வென்றது. அத்தகைய வண்டி கிடைத்தவனை அவ்வண்டியினின்று பிரித்து எடை போடுவது எளிதன்று.

இருவரை ஒப்பிட வேண்டுமாயின் இருவர்க்கும் ஒரே வண்டி வேண்டும். 1955-இல் அவ்வாய்ப்பு நேர்ந்தது. ஃபாஞ்சியோவும் இளைஞரான ஆங்கிலேயர் ஸ்டர்லிங் மாஸும் மெர்சிடிஸ் அணியில் ஒருங்கே இருந்தனர். அவ்வாண்டு ஜூலையில் எயின்ட்ரீ களத்தில் மாஸ் 0.2 விநாடியில் முந்தினார். ஆயினும், மூத்தவர் விட்டுக்கொடுத்தாரா, உண்மையிலேயே தோற்றாரா என்பது மாஸுக்கே இறுதிவரை விளங்கவில்லை. வண்டி ஒன்றாயினும் மனத்தை அளக்கும் கோல் இல்லை என்பதற்கு இது சான்று.

இனி, 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாளைக் காண்போம். ஜெர்மனியின் ஐஃபல் மலைக்காட்டில் வளைந்து நெளிந்து செல்லும் நூர்பர்க்ரிங் பாதை; ஒரு சுற்று ஏறத்தாழ 22.8 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். ஃபெராரி அணியின் மைக் ஹாதார்னும் பீட்டர் காலின்ஸும் எரிபொருளை நிரம்ப நிரப்பி, இடையில் நில்லாது ஓடத் திட்டமிட்டனர். 46 வயதான ஃபாஞ்சியோ பாதி எரிபொருளுடன் புறப்பட்டார். சுமை குறைந்த வண்டியில் முன்சென்று, இடையில் ஒரு முறை நின்று டயர் மாற்றுவது அவர் கணக்கு. ஏறத்தாழ அரை நிமிடம் முந்திய நிலையில் அவர் நின்றார். ஆனால் பணி தாமதமாயிற்று. மீண்டும் புறப்பட்டபோது எதிரிகள் இருவரும் முக்கால் நிமிடத்துக்கும் மேல் முன்னே இருந்தனர்.

அதன்பின் நிகழ்ந்ததே இப்பந்தயத்தை வரலாறாக்கிற்று. வழக்கமாகத் தாழ்ந்த கியரில் திரும்பும் வளைவுகளை அவர் உயர்ந்த கியரிலேயே கடந்தார். சுற்றுக்குச் சுற்று சாதனை முறிந்தது. பந்தயத்துக்கு முந்திய பயிற்சியில் அவரே எடுத்த மிகக் குறைந்த நேரம் 9 நிமிடம் 25.6 விநாடி, இருபதாம் சுற்றிலோ 9 நிமிடம் 17.4 விநாடி! இருபத்தோராம் சுற்றில் இருவரையும் கடந்து, ஹாதார்னை 3.6 விநாடியில் வென்றார். அதே வகை மாசராட்டியை ஓட்டிய ழான் பெஹ்ரா ஆறாவதாக வந்தார். அன்று சாரதியே வென்றான் எனத் துணிந்து கூறலாம்.

ஆனால் கதை அத்துடன் முடியவில்லை. நூர்பர்க்ரிங்கில் மாஸின் வான்வால் வண்டி, மேடுபள்ளம் மிக்க அப்பாதைக்கு ஒவ்வாது ஐந்தாவதாகவே வந்தது. இரண்டே வாரங்களில், இத்தாலியின் பெஸ்காராவில், அதே மாஸ் அதே வான்வாலில் ஃபாஞ்சியோவை மூன்று நிமிடத்துக்கும் மேலாகப் பின்தள்ளினார். இரு வாரத்தில் ஃபாஞ்சியோ திறமை இழந்தாரா? இல்லை, பாதை மாறிற்று, அதற்கேற்ப வண்டியின் மதிப்பும் மாறிற்று. எனவே, ஒரு நாள் வெற்றியைக் கொண்டு ஒருவனை உயர்த்துவதும் தாழ்த்துவதும் முறையாகா.

1958-ஆம் ஆண்டில் வண்டியை உருவாக்குவோர்க்கெனத் தனிப் பட்டம் ஏற்படுத்தப்பட்டது. விளைவு வியப்பானது. உருவாக்குவோர் பட்டம் வான்வாலுக்குச் சென்றது. சாரதியின் பட்டமோ ஃபெராரியின் ஹாதார்னுக்குச் சென்றது. மாஸ் நான்கு பந்தயங்களில் வென்றவர். ஹாதார்ன் வென்றது ஒன்றே. எனினும் ஹாதார்ன் ஐந்து முறை இரண்டாவதாக வந்து 42 புள்ளிகள் ஈட்டினார், மாஸுக்கு 41.

அந்த ஒரு புள்ளிக்குப் பின்னே ஒரு செய்தி உண்டு. அவ்வாண்டு போர்ச்சுகல் பந்தயத்தில், ஹாதார்ன் பாதையில் எதிர்த்திசையில் வண்டியைச் செலுத்தினார் எனக் குற்றம் சாட்டப்பட்டது. அவர் நடைபாதையிலேயே சென்றார், பந்தயப் பாதையில் அன்று என மாஸ் சான்று பகர்ந்தார். ஹாதார்னின் இரண்டாமிடம் நிலைத்தது. மாஸ் வாய் திறவாதிருந்து அப்புள்ளிகள் பறிபோயிருப்பின், பட்டம் மாஸைச் சேர்ந்திருக்கும். 1955 முதல் தொடர்ந்து நான்கு முறை இரண்டாமிடம் பெற்ற அவர், கடைசிவரை உலகப் பட்டம் பெறவேயில்லை.

இப்போட்டிக்கு மனிதர் தந்த விலையையும் நாம் மறத்தலாகாது. காலின்ஸ் 1958 ஆகஸ்டில் அதே நூர்பர்க்ரிங்கில் மாண்டார். பட்டத்துடன் ஓய்வு பெற்ற ஹாதார்ன், 1959 ஜனவரியில் பொதுச்சாலை விபத்தில் மறைந்தார்.

முப்பதாண்டுகள் கழித்து, 1988-இல், மக்லாரன் அணியின் ஒரே வகை வண்டியில் அயர்டன் சென்னாவும் அலென் ப்ராஸ்டும் போட்டியிட்டனர். பதினாறு பந்தயங்களில் பதினைந்து அவ்வணிக்கே. ப்ராஸ்ட் ஈட்டிய புள்ளிகள் 105. சென்னா ஈட்டியவை 94. ஆனால் சிறந்த பதினொரு பந்தயங்களையே கணக்கிடும் விதிப்படி சென்னா 90, ப்ராஸ்ட் 87 என்றாகிப் பட்டம் சென்னாவுக்குச் சென்றது. வண்டி ஒன்றாய் இருந்தும், வரிசையை முடிவு செய்தது கணக்கிடும் விதி.

ஆகவே, வண்டியின் வேகத்தைக் கடிகாரம் காட்டும். புள்ளிப் பட்டியல் ஓர் ஆண்டின் விதிப்படி வரிசை சொல்லும். சாரதியின் தரத்தை அறிய இவ்விரண்டும் போதா. எந்த வண்டியில், எந்தப் பாதையில், யாருக்கு எதிராக, எவ்வாறு நடந்துகொண்டான் என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும். அவ்வாறு நோக்கும்போது, பட்டமே பெறாத மாஸின் பெயர் பட்டம் பெற்றோர் பலர்க்கும் மேலாக நினைக்கப்படுவதன் காரணம் நமக்கு நன்கு விளங்கும்.