அட்லாண்டிக் சிட்டி விரைவுச்சாலை

அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், பிலடெல்பியா வட்டாரத்தை அட்லாண்டிக் கடற்கரை உல்லாச நகரங்களுடன் இணைக்கும் சுங்கச்சாலை. நீளம் சுமார் 71 கி.மீ. டெலவேர் ஆற்றின் மேல் 1957 மே 16 அன்று திறக்கப்பட்ட வால்ட் விட்மன் தொங்குபாலம் இதற்கு முன்னோடி. பாலத்தின் நடு இடைவெளி 610 மீட்டர். பிலடெல்பியா அமைந்துள்ள பென்சில்வேனியா நோக்கிச் செல்லும் வாகனங்களே இப்பாலத்தில் சுங்கம் செலுத்துகின்றன. கடற்கரைக்குப் போகும் திசையில் கட்டணமில்லை. பாலத்திலிருந்து வரும் வாகனங்கள் 42ஆம் எண் நெடுஞ்சாலை வழியாக விரைவுச்சாலையை அடைகின்றன.

விரைவுச்சாலை 1964இல் பகுதியாகவும் 1965இல் முழுமையாகவும் திறக்கப்பட்டது. கார்டன் ஸ்டேட் பார்க்வே சந்திப்பில் பிரிந்து ஓஷன் சிட்டி, வைல்ட்வுட், கேப் மே ஆகிய ஊர்களுக்குச் செல்லலாம். கடும்புயல் நெருங்கும்போது, கடலோர மக்களை வெளியேற்ற எதிர்த்திசைத் தடங்களும் உள்நாட்டுப் பக்கம் திருப்பிவிடப்படும். 1991 முதல் தென் ஜெர்சி போக்குவரத்து ஆணையம் இச்சாலையை நிர்வகிக்கிறது.