ஆழ்ந்த மங்கலும் ‘எம்’ பரவலும்: வானொலி அலைகளின் புள்ளியியல் வரலாற்றில் ஒரு மறுபரிசீலனை

வானொலி அலையின் வலிமை ஏற்பியை அடையும்போது நிலைத்து நில்லாமல் கணத்துக்குக் கணம் ஏறியும் இறங்கியும் வருகின்ற ‘மங்கல்’ என்னும் நிகழ்ச்சியைப் புள்ளியியல் வழியில் விளக்க முற்பட்டவர்களின் வரலாற்றைச் சொல்லப் புகும் பாடநூல்கள், ராலே, ரைஸ், நாககாமி என்ற மூன்று பெயர்களையும் ஒரு படிக்கட்டின் மூன்று படிகளைப் போல அடுக்கி, ஒவ்வொரு படியும் தனக்குக் கீழுள்ளதைத் தன்னுள் அடக்கிக்கொண்டு மேலும் பொதுமையுற்றது என்று கூறிச் செல்வது சம்பிரதாயமாகிவிட்டது. இந்த அபிப்பிராயத்தின் மூலபுருஷர் பிற்கால உரையாசிரியர் எவருமல்லர். மினோரு நாககாமியே ஆவார். 1958ஆம் ஆண்டு ஜூன் மாதம் லாஸ் ஏஞ்சலிஸிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தில் கூடிய கருத்தரங்கில் இடம்பெற்று, 1960இல் ஹாஃப்மன் பதிப்பித்த தொகுதியில் முப்பது பக்கங்களுக்கு மேலாக விரிந்த கட்டுரையில், தம் ‘எம்’ பரவலை விரைவு மங்கலின் செறிவுக்கு உரிய பொதுச் சூத்திரம் என்று அவர் தலைப்பிலேயே அறிவித்தார். அப்பொதுமை எத்தகையது, எந்த எல்லைவரை அது மெய், எந்த இடத்தில் அது வெறும் தோற்றம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ராலே பிரபு 1880இல் ஒரே சுருதியும் தாறுமாறான கட்டமும் கொண்ட பல அதிர்வுகளின் கூட்டுப்பயனைக் கணித்தபோது அவர் மனத்தில் இருந்தது ஒலியேயன்றி வானொலி அன்று என்பதும், கார்ல் பியர்சன் 1905இல் நேச்சர் இதழில் எழுப்பிய ‘தற்போக்கு நடை’ வினாவுக்கு அவர் அந்தப் பழைய விடையையே எடுத்துக் காட்டினார் என்பதும் யாவரும் அறிந்தவை. அயனமண்டலத்திலிருந்து கீழிறங்கும் அலைகளின் மாறுதல்களைக் கேம்பிரிட்ஜில் ஆராய்ந்த ராட்கிளிஃபும் பாஸியும் 1933இல், அம்மாறுதல்கள் பல சிதறல் மையங்களிலிருந்து திரும்பிவரும் அலைகளின் கூட்டால் விளைபவை என்று காட்டியதோடு, ஒலிக்காகப் பிறந்த கணிதம் வானொலியின் வீட்டுக்குள் குடிபுகுந்தது. அதுவரை விவாதத்துக்கு இடமில்லை.

விவாதம் தொடங்குவது அடுத்த பத்தாண்டுகளில். தன்னிச்சையான கட்டமும் தன்னிச்சையான வீச்சும் கொண்ட பல அதிர்வுகளின் கூட்டைப் பற்றி நாககாமி 1940இல் எழுதினார். சிற்றலை மங்கலின் புள்ளியியல் இயல்பைப் பற்றிய அவருடைய ஜப்பானியக் கட்டுரை 1943இல் வெளிவந்தது. அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தில் எஸ். ஓ. ரைஸ், வானொலி மங்கலை அன்று, மின்சுற்றுகளின் இரைச்சலைக் கருதி எழுதிய நெடுங்கட்டுரையின் முற்பகுதி 1944 ஜூலையிலும், நிலையான ஓர் அலையோடு இரைச்சல் சேரும்போது எழும் உறையின் பரவலைத் தரும் பிற்பகுதி 1945 ஜனவரியிலும் அச்சாயின. யுத்தத்தால் பிரிக்கப்பட்டிருந்த இவ்விரு தேசங்களிலும் ஒரே சூத்திரம் தனித்தனியே தோன்றியது என்ற கொள்கைக்கு இணங்கியே, நாககாமி ‘என்’ பரவல் என்று அழைத்த அதனைப் பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஆவணங்கள் ‘நாககாமி-ரைஸ் பரவல்’ என்று இருவருக்கும் பொதுவாக்கின. அச்சேறிய ஆண்டைக் கொண்டு கண்டறிந்த ஆண்டைத் துணிவது யுத்தகால வெளியீடுகளின் விஷயத்தில் அபாயமாதலால், முதன்மை யாருக்கு என்பதை நான் தீர்ப்பிட முன்வரவில்லை. எம் பரவலின் பிறப்பை 1960 என்று குறிப்போர் அதன் ஆங்கில வடிவத்தின் ஆண்டையே மூலத்தின் ஆண்டாகக் கொண்டு மயங்குகின்றனர் என்று மட்டும் சொல்வேன்.

இனி எம் என்னும் அந்த ஒற்றை எழுத்தை ஊன்றி நோக்குவோம். நாககாமி அதற்கு வகுத்த இலக்கணம், சராசரித் திறனின் வர்க்கத்தைத் திறனின் விலக்க வர்க்கச் சராசரியால் வகுத்தால் வருவது என்பதாகும். அது ஒன்றானால் ராலே பரவல் கிடைக்கும்; அரையானால் ஒருபக்க இயல்நிலைப் பரவல்; அரைக்குக் கீழே அது செல்லாது; ஒன்றுக்கு மேல் ஏற ஏற மங்கல் தணியும். இம்மட்டில் எம் என்பது பதிவேடு முழுவதையும் திரட்டிக் கூறும் ஒரு சுருக்க எண். சராசரியையொட்டிப் பெருந்தொகையாக அமைந்த அளவைகளே அதனைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. ஆனால் அதே எழுத்து பரவலின் சூத்திரத்துக்குள் நுழைந்தவுடன் இரண்டாவது ஓர் உத்தியோகத்தையும் ஏற்றுக்கொள்கிறது. வீச்சு பூஜ்யத்தை நெருங்கும் இடத்தில், அதனினும் குறைந்த வீச்சு நேர்வதற்கான நிகழ்தகவு வீச்சின் இரண்டு எம் அடுக்காகக் குறைகிறது. அதாவது மங்கல் 10 டெசிபல் ஆழமாகும்போதெல்லாம் நிகழ்தகவு பத்தின் எம் அடுக்கால் வகுபடுகிறது. நடுப்பகுதியின் பரப்பை அளப்பதற்கென்று வரவழைக்கப்பட்ட எண், எவரும் அளக்காத அடிப்பகுதியின் சரிவையும் தானே நிர்ணயித்துவிடுகிறது. இவ்விரண்டு காரியங்களுக்கும் இடையே அவசியமான சம்பந்தம் உண்டு என்பதற்கு நாககாமியின் கட்டுரை தரும் பிரமாணம் சூத்திரத்தின் வடிவத்தைத் தவிர வேறில்லை.

அத்தகைய சம்பந்தம் இல்லை என்பதற்கோ எளிய நிரூபணம் ஒன்று உண்டு. ஏற்பிக்கு வந்து சேரும் குறுகிய பட்டை அலை எதுவாயினும், ஒன்றுக்கொன்று செங்குத்தான இரு கூறுகளைக் கொண்டு, ஒரு தளத்தில் திரியும் புள்ளியாக அதனைக் குறிக்கலாம். ஆழ்ந்த மங்கல் என்பது அப்புள்ளி ஆதிப்புள்ளியைச் சுற்றிய மிகச் சிறிய வட்டத்துக்குள் விழுவது. ஆதிப்புள்ளியில் நிகழ்தகவின் அடர்த்தி பூஜ்யமாகாமலும் எல்லையின்றிப் பெருகாமலும் இருக்குமாயின், அவ்வட்டத்துக்குள் விழும் நிகழ்தகவு வட்டத்தின் பரப்புக்கு ஏற்றதாகவே, அதாவது வீச்சின் வர்க்கத்துக்கு ஏற்றதாகவே இருக்கும். ராலேயின் பரவல் இவ்விதிக்குக் கட்டுப்பட்டது. ரைஸின் பரவலும், அதிலுள்ள நிலையான அலையாகிய நேரலை எவ்வளவு வலியதாயினும், இதற்குக் கட்டுப்பட்டதே. எம் பரவல் ஒன்று என்னும் ஒரே மதிப்பில் மட்டும் இவ்விதிக்கு அடங்குகிறது. எம் ஒன்றுக்கு மேற்பட்டால் ஆதிப்புள்ளியில் அடர்த்தி அறவே அற்றுப்போகவும், குறைந்தால் அங்கே எல்லையின்றிக் குவியவும் வேண்டியிருக்கிறது. பல சிதறல் அலைகளின் கூட்டு, காரணம் ஏதுமின்றி, ஆதிப்புள்ளியை மட்டும் தேர்ந்தெடுத்து விலக்கும் என்றோ நாடும் என்றோ நம்புவதற்குப் பௌதிக ஆதாரம் வேண்டும். சூத்திரத்தின் வசதி அதற்கு ஆதாரமாகாது.

நாககாமியோ ரைஸ் பரவலை எம் பரவலாக மாற்றிக்கொள்ளலாம் என்று வழிவகுத்தார். நேரலையின் திறன் சிதறலைகளின் திறனைப் போல் எத்தனை மடங்கு என்பதைக் ‘கே’ என்று குறித்தால், கே-யுடன் ஒன்றைக் கூட்டி வர்க்கித்து, அதனைக் கே-யின் இருமடங்குடன் ஒன்றைக் கூட்டிய தொகையால் வகுக்க எம் கிடைக்கும் என்பது இன்று வழக்கிலுள்ள விதி. கே 5 ஆனால் எம் 36இன் 11இல் ஒரு பங்கு, ஏறத்தாழ 3.27. இவ்விரு பரவல்களையும் வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். சராசரித் திறனுக்கு 5 டெசிபல் கீழே செல்லும் நிகழ்தகவு, ரைஸின்படி நூற்றுக்கு 7.8, எம் பரவலின்படி நூற்றுக்கு 6. இங்கே இருவரும் அண்டை வீட்டார். 10 டெசிபல் கீழே, ரைஸின்படி நூற்றுக்கு ஏறத்தாழ ஒன்று. எம் பரவலின்படி கால். 30 டெசிபல் கீழே, ரைஸின்படி லட்சத்துக்கு நான்கு. எம் பரவலின்படி நூறு கோடிக்கு ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. ஒன்று மற்றொன்றைப் போல் நாற்பதாயிரம் மடங்குக்கு மேற்பட்டது. தொடர்பு அறுந்துபோகும் இடம் எது என்று அறிய விரும்பும் பொறியியலாளனுக்கு இந்த மூன்றாவது கணக்கே முக்கியமாதலால், இதனைத் தோராயத்தின் சிறு பிழை என்று ஒதுக்குவதற்கில்லை.

அப்படியாயின் எம் பரவல் அனுபவத்தோடு பொருந்தியதாக அத்தனை பேர் எவ்வாறு கண்டனர் என்ற வினா எழும். இவ்விடத்தில் நான் கூறப்போவது பெரும்பாலும் அனுமானமே. சிற்றலை மங்கலில் ஒன்றையொன்று சாராத அளவைகள் விநாடிக்கு ஒன்று கிடைப்பதாகக் கொண்டால், ஐந்து நிமிடப் பதிவில் 300 அளவைகள் தேறும். மேற்சொன்ன உதாரணத்தில் 10 டெசிபலுக்குக் கீழ் விழுவன ரைஸின்படி மூன்று, எம் பரவலின்படி ஒன்று. மூன்றுக்கும் ஒன்றுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைக் கொண்டு எந்தச் சித்தாந்தத்தையும் தள்ளவோ கொள்ளவோ இயலாது. 30 டெசிபல் ஆழத்தைச் சோதிப்பதற்கு லட்சக்கணக்கான அளவைகள் வேண்டும். ஒரு லட்சம் விநாடி என்பது ஏறத்தாழ 28 மணி நேரம். அதற்குள் பகல் இரவாகி, இரவு மறுபடி பகலாகி, அயனமண்டலம் முற்றிலும் வேறொன்றாகிவிடும். ஆகவே சிற்றலைப் பதிவுகள் எம் பரவலின் நடுப்பகுதிக்குச் சாட்சி சொல்லவல்லவை. அடிப்பகுதியைப் பற்றி அவை மௌனம் சாதிக்கின்றன, அம்மௌனத்தைச் சம்மதமாகக் கொள்வது நியாயமன்று.

மெதுவான மாற்றம் விரைவு மாற்றத்தோடு கலப்பதும் இதே திசையில் மயக்கம் விளைக்கின்றது. நகரத் தெருக்களில் செல்லும் வாகனத்தின் ஏற்பியில், சிறு பரப்புக்குள் ராலே விதியும், பரப்புக்குப் பரப்பு மாறும் சராசரியில் மடக்கை இயல்நிலை விதியும் ஆட்சி செய்வதாகக் கொண்டு, இரண்டையும் கலந்த பரவலை சுஸுகி 1977இல் வெளியிட்டார். இக்கலப்பில் நாககாமியின் இலக்கணப்படி எம்மைக் கணக்கிட்டால் அது எப்போதும் ஒன்றுக்குக் குறைவாகவே வரும். ஆயினும் ஆழ்ந்த மங்கலில் கலப்பின் சரிவு ராலேயின் வர்க்க விதியை விட்டு நகர்வதில்லை. எனவே எம் ஒன்றுக்கு மேற்படும்போது ஆழ்மங்கலைக் குறைத்துச் சொல்லும் சூத்திரம், ஒன்றுக்குக் கீழ்ப்படும்போது அதனை மிகைப்படுத்திச் சொல்கிறது. இரு புறமும் தவறுவதைக் கொண்டு, குற்றம் எம்மின் மதிப்பில் இல்லை, ஓர் எண்ணுக்கு இரண்டு உத்தியோகம் கொடுத்ததிலேயே இருக்கிறது என்று துணியலாம்.

பிரத்தியட்சப் பிரமாணம் சிற்றலையிலிருந்து கிடைக்காவிடினும், நுண்ணலையிலிருந்து கிடைக்கிறது. கோபுரத்துக்குக் கோபுரம் நேர்ப்பார்வையில் அமைந்த நுண்ணலைத் தொடர்களின் பதிவுகளை ஆராய்ந்த பெல் ஆய்வுக்கூடத்தின் எஸ். எச். லின் 1971இலும், பார்னெட் 1972இலும், ஆழ்ந்த மங்கலின் நிகழ்தகவு வீச்சின் வர்க்கத்தைப் பின்பற்றுகிறது, அதாவது 10 டெசிபலுக்குப் பத்தில் ஒன்றாகக் குறைகிறது, என்று எழுதினர். அங்கே நேரலை உண்டு, நாககாமியின் வழிப்படி எம் ஒன்றுக்கு மேற்பட்டு, சரிவும் செங்குத்தாகியிருக்க வேண்டும், ஆகவில்லை. அது வேறு அதிர்வெண், வேறு ஊடகம் என்ற ஆட்சேபம் எழலாம். ஆனால் தம் சூத்திரம் அயனமண்டலத்துக்கும் கீழ்வளிமண்டலத்துக்கும் ஒருங்கே பொருந்தும் என்று 1960ஆம் ஆண்டுக் கட்டுரையில் உரிமை கொண்டாடியவர் நாககாமியே. ஆகையால் கீழ்வளிமண்டலத்தின் சாட்சியை அவர் தரப்பினர் தள்ளுவதற்கில்லை. சிற்றலையைப் பொறுத்தமட்டில் மட்டும் வழக்கு இன்னும் தீர்ப்பாகவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எம் பரவலுக்கு உண்மையான சொந்த இடம் ஒன்று உண்டு என்பதையும் மறைக்கலாகாது. தனித்தனி ஏரியல்கள் பலவற்றில், சமமான சராசரித் திறனோடு, ஒன்றையொன்று சாராமல் ராலே விதிப்படி மங்கும் அலைகளை வாங்கி, அவற்றின் வலிமைக்கேற்ற எடையிட்டுக் கூட்டும் ஏற்பியில், கூடிய திறனின் பரவல் ஏரியல்களின் எண்ணிக்கையையே எம்மாகக் கொண்ட நாககாமிப் பரவலாக, தோராயமாக அன்று, முற்றும் சரியாக அமைகிறது. காரணம் வெளிப்படை: அங்கே புள்ளி திரிவது இரு பரிமாணத் தளத்தில் அன்று, ஏரியலுக்கு இரண்டாகப் பெருகிய பரிமாணங்களில். ஏரியல்கள் மூன்றானால், மூன்றும் ஒருங்கே மங்கினாலன்றித் தொடர்பு அறாது என்பதையே மும்மடங்கு செங்குத்தான அச்சரிவு காட்டுகிறது. ஓர் ஏரியலின் அலைக்கு எம் 3 என்று எழுதுவது, இல்லாத இரண்டு ஏரியல்களைக் கணக்கில் கடனாக வாங்குவதாகும்.

ஆகவே படிக்கட்டு என்ற வரலாற்றை விடுத்து, இரு கிளைகள் என்ற வரலாற்றை ஏற்பதே பொருத்தம். ராலேயும் ரைஸும், சுஸுகியும் ஒரு கிளையினர். அவர்கள் அலைகளின் கூட்டிலிருந்து பரவலைப் பெற்றனர். எம் பரவல் மற்றொரு கிளை. பதிவுகளின் நடுப்பகுதியைச் சுருங்கக் கூறுவதில் அதற்கு நிகர் அரிது, கணிதத்துக்கும் அது இணக்கமானது. ஆனால் பொதுமை என்ற பட்டம் அதற்கு உரியதன்று. எம்மின் மதிப்பை வெளியிடும் ஆய்வாளர் ஒவ்வொருவரும், அது எத்தனை டெசிபல் ஆழம்வரை, எத்தனை சார்பற்ற அளவைகளைக் கொண்டு சோதிக்கப்பட்டது என்பதையும் உடன் அச்சிட வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன். அவ்வெல்லைக்குக் கீழே அந்த எண்ணை நம்பித் தொடர்புகளை வடிவமைக்கலாகாது.