தெமோதரையின் தலைப்பாகை

பேரனோடு ஒரு விண்வெளிப் படம் பார்த்தேன். முதல் பாதியில் பக்கத்து நட்சத்திரத்துக்குப் போகக் கப்பலுக்குப் பன்னிரண்டு வருடம். வில்லன் துரத்தியதும் கண் மூடித் திறப்பதற்குள் அதைவிடத் தூரம் போய்விட்டது. "கதைக்கு ஒரு சட்டம், சண்டைக்கு ஒரு சட்டமா தாத்தா?" என்றான். தெமோதரைப் பிள்ளை கேட்க வேண்டிய கேள்விதான்.

எங்கள் மலைநாட்டில் கோச்சிப் பாதை, அதாவது ரயில் பாதை, பண்டாரவளைக்கு வந்தது 1894இல். பதுளைக்கு வந்தது 1924இல். இடையில் முப்பது வருடம். என் தாத்தா வண்டி பூட்டியவர். தேயிலைப் பெட்டி ஏற்றிப் பண்டாரவளைக்குப் போய்வந்த கதையை, மாடுகளின் பெயரோடு சொல்வார்.

எல்லவைத் தாண்டினால் மலை மடமடவென்று இறங்குகிறது. பாதைக்கோ ஒரு கட்டுப்பாடு: 44 அடி ஓடினால் ஓரடிக்கு மேல் ஏற்ற இறக்கம் கூடாது. இங்கே மட்டும் கொஞ்சம் செங்குத்தாகப் போட்டிருக்கலாமே என்று தோன்றும். போட்டிருந்தால், அந்த ஒரு மேட்டில் எஞ்சின் எத்தனை பெட்டி இழுக்குமோ அத்தனைதான் கொழும்புக்குப் போகும். அதனால் சட்டத்தை வளைக்காமல் பாதையை வளைத்தார்கள். தெமோதரை ஸ்டேசனை விட்ட கோச்சி மலையைச் சுற்றி இறங்கி, அதே ஸ்டேசனுக்கு அடியில் சுரங்கத்தில் நுழைந்து பதுளைக்குப் போகிறது.

ஒரு கங்காணி தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் பொறியியலாளர் விமலசுரேந்திராவுக்கு இந்த யோசனை வந்தது என்பார்கள். எனக்கு முழு நம்பிக்கையில்லை. கதையில்கூட பொறியியலாளருக்குப் பெயர் இருக்கிறது, கங்காணிக்கு இல்லை. அது மட்டும் நம்பும்படி இருக்கிறது.

பேரன் பார்த்த கப்பலுக்கும் ஒரு சட்டம் உண்டு: ஒளியை முந்த முடியாது என்று ஐன்ஸ்டைன் 1905இல் சொன்னார். முந்தியே தீருவேன் என்கிற எழுத்தாளர் முந்தட்டும், ஆனால் எப்படி, என்ன விலைக்கு என்பதை முதலிலேயே சொல்லி, கடைசிவரை அதில் நிற்க வேண்டும். 1956இல் இலங்கைக்குக் குடிவந்த ஆர்தர் சி. கிளார்க் 1986இல் எழுதிய 'தூரத்துப் பூமியின் பாடல்கள்' நாவலில் முந்தவேயில்லை. வேகமாகப் போகும் கப்பலைத் தூசியிலிருந்து காக்க முன்னால் பனிக்கட்டிக் கேடயம். அது தேய்ந்துபோகிறது. புதிதாகக் கட்டத்தான் கப்பல் கடல் நிறைந்த ஒரு கிரகத்தில் நிற்கிறது. நின்ற இடத்தில்தான் காதல், சண்டை எல்லாம். சட்டத்தை மீறியிருந்தால் கிளார்க்குக்குக் கதையில்லை, எங்களுக்கு வளையமில்லை.

மறுநாள் பேரனை ஸ்டேசனுக்குக் கூட்டிப்போனேன். கோச்சி வந்ததும் டிரைவர் வளையம் வைத்த தோல்பையை நீட்டினார். ஸ்டேசன் மாஸ்டர் வாங்கிக்கொண்டு வேறொன்றைக் கொடுத்தார். பைக்குள் இருப்பது ஒரு வட்டத் தகடு. அது கையில் இல்லாமல் ஒற்றைப் பாதையில் கோச்சி நகராது. ஒரு தகடு வெளியே இருந்தால் இரண்டு முனையிலும் கருவி பூட்டிக்கொள்ளும், இன்னொன்றைத் தராது.

"அவசரம்னா?"

"அவசரத்துக்கும் தராது."

கோச்சி போய்விட்டது. பிளாட்பாரத்தில் ஒரு நாய், நாங்கள் இரண்டு பேர். கொஞ்ச நேரத்தில் காலுக்கடியில் தரை லேசாக நடுங்கியது. பேரன் குனிந்து சிமெந்தில் உள்ளங்கையை வைத்தான்.

"அதே கோச்சியா?"

"அதேதான்."