தோட்டத்துத் தாயும் புதுச் சாதனங்களும்



ரப்பர்த் தோட்டத்து வீடுகளில் விடியற்காலை நான்கு மணிக்கே அடுப்பு புகைந்ததற்கு மூலகாரணம் பால்மரம்தான். மரப்பட்டைக்குள் இருக்கும் நுண்ணிய பாற்குழாய்களில் இரவு முழுவதும் அழுத்தம் ஏறிக்கொண்டிருக்கும். வெயில் ஏறியதும் இலைகள் வழியே நீர் ஆவியாகிப் போக, அழுத்தம் தளர்ந்து பால் வடிவது குறைந்துவிடும். ஆகவே விடியும்போதே வெட்டு தொடங்கியாக வேண்டும். சிங்கப்பூர்த் தாவரப் பூங்காவின் இயக்குநராக 1888ஆம் ஆண்டு வந்த ரிட்லி என்பவர், மரத்தைச் சாகடிக்காமல் பட்டையை மெல்லச் சீவிப் பாலெடுக்கும் முறையை ஆராய்ந்து பரப்பினார். அவர் பெயர் பாடப் புத்தகங்களில் இருக்கிறது. அந்த மரம் கேட்ட நேரத்திற்கு எழுந்து சோறாக்கிய தாயின் பெயர் எங்கும் இல்லை. அவளுடைய ஒரு நாள் எப்படிக் கழிந்தது, புதிது புதிதாக வந்த சாதனங்கள் அந்த நாளை எவ்வளவு மாற்றின என்பதை இன்று பார்ப்போம்.

போருக்கு முந்திய காலத்தை எடுத்துக்கொள்வோம். தாய் எழுந்ததும் முதல் வேலை மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றுவது. அடுத்தது விறகடுப்பு. நனைந்த ரப்பர் மிலாறு எளிதில் பற்றாது. ஊதி ஊதிக் கண் சிவக்கும். தண்ணீர் முதல்நாள் மாலையே கிணற்றிலிருந்தோ, லயத்திற்குப் பொதுவான குழாயிலிருந்தோ சுமந்து வைத்தது. மத்தியானச் சோற்றையும் அப்போதே ஆக்கிவிட வேண்டும். கோப்பி கலக்கிப் பிள்ளைகளைப் பசியாற வைத்து, கைக்குழந்தையை ஆயாக் கொட்டகையில் விட்டுவிட்டு, ஐந்தரை மணிக்குள் பெரட்டுக் களத்தில் நிற்க வேண்டும். பிறகு முந்நூறு, நானூறு மரங்கள். வெட்டி முடித்துப் பாலெடுத்து ஸ்டோரில் நிறுத்துவிட்டு வீடு திரும்பும்போது நண்பகல் ஆகிவிடும். அதன்பின் விறகு, தண்ணீர், துவைப்பு, அம்மி, மறுபடியும் அடுப்பு.

இத்தனைக்கும் அவளுக்குக் கூலி குறைவு. 1930ஆம் ஆண்டு ரப்பர் விலை வீழ்ந்தபோது, அரசாங்கம் நிர்ணயித்திருந்த நாள் கூலி ஆண்களுக்கு 50 காசிலிருந்து 40 காசாகவும், பெண்களுக்கு 40 காசிலிருந்து 32 காசாகவும் குறைக்கப்பட்டது. வெட்டிய மரம் ஒன்று, வடிந்த பால் ஒன்று, காசு மட்டும் வேறு! வீட்டில் அவள் செய்த வேலைக்குக் கணக்கே கிடையாது.

அக்காலத்தில் லயத்து வீட்டுக்கு வந்த முதல் பெரிய சாதனம் எது என்றால் சைக்கிளைச் சொல்லலாம். அது தந்தையின் வண்டிதான் என்றாலும் பயன் வீடு முழுவதற்கும் கிடைத்தது. தோட்டத்துக் கடையில் கடன் கணக்கில் வாங்கிக்கொண்டிருந்த குடும்பம் டவுனுக்குப் போய்க் கருவாடும் காய்கறியும் வாங்க முடிந்தது. காய்ச்சல் கண்ட பிள்ளையைப் பின்னால் உட்காரவைத்து மருந்துக்குக் கொண்டுபோக முடிந்தது. ஆனால் எதிரே துரை வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்கி நிற்க வேண்டும் என்பது வழக்கம். 1941ஆம் ஆண்டு கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நடந்த வேலைநிறுத்தத்தின்போது தொழிலாளர்கள் வைத்த கோரிக்கைகளில் இந்த வழக்கத்தை ஒழிக்க வேண்டும் என்பதும் ஒன்று. கூலி உயர்வும், கள்ளுக்கடைகளை மூடுவதும், பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துவதும் அதே பட்டியலில் இருந்தன. போராட்டத்தின் முன்னணியில் நின்ற ஆர். எச். நாதன் கைது செய்யப்பட்டு இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர் சிலர் மாண்டனர். காசு கொடுத்து வாங்கிய சைக்கிளில் உட்கார்ந்து போவதற்குக்கூட இவ்வளவு பாடு.

அதே ஆண்டு டிசம்பரில் ஜப்பானியர் வந்தனர். மலாயா அப்போது சாப்பிட்ட அரிசியில் பெரும்பங்கு பர்மாவிலிருந்தும் சயாமிலிருந்தும் கப்பலில் வந்தது. கப்பல் நின்றதும் உலை நின்றது. மரவள்ளிக் கிழங்கும் சர்க்கரைவள்ளிக் கிழங்கும்தான் மூன்று வேளையும். கிழங்கைச் சீவி, காயவைத்து, இடித்து மாவாக்கி, அடையாகத் தட்டிப் பிள்ளைகளை ஏமாற்றிய தாய்மார்கள் எத்தனை பேர்! சயாம் ரயில் பாதை போட ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கொண்டுபோனார்கள். பலர் திரும்பவே இல்லை. பல வீடுகளில் தாயே தகப்பனுமாக ஆனது அப்போதுதான்.

போர் முடிந்து மூச்சு விடுவதற்குள் 1948ஆம் ஆண்டு அவசரகாலம் பிறந்தது. காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகளுக்கு உணவு போய்ச் சேரக் கூடாது என்று அரிசிக்கு அளவு வைத்தார்கள். கட்டுப்பாடு கடுமையாக இருந்த வட்டாரங்களில் வேலைக்குப் போகிறவர் சோறு கொண்டுபோகக் கூடாது; வாசலில் நிறுத்திச் சோதனை. கடையில் சாடின் டின் வாங்கினால் கடைக்காரர் அங்கேயே அதைத் துளையிட்டுக் கொடுப்பார், பதுக்கி வைக்க முடியாதபடி. சில இடங்களில் வீட்டில் அரிசி வைத்திருக்கவே அனுமதியில்லை. பொதுச் சமையல் கூடத்தில் ஆக்கிய சோற்றை அளந்து வாங்கிக்கொள்ள வேண்டும். ஆக்கிய சோறு மறுநாள் கெட்டுவிடும் என்பதுதான் அந்தத் திட்டத்தின் சூட்சுமம். தூக்குச் சட்டியில் பிடி சோறு எடுத்துப் போவதையே குற்றமாக்கிய காலம் அது.

அந்தக் காலத்தில்தான் வானொலியும் தோட்டத்துக்குள் நுழைந்தது. ரேடியோ மலாயா 1946ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி தொடங்கியது, தமிழிலும் ஒலிபரப்பியது. ஆயினும் பழைய வால்வு ரேடியோவுக்கு மின்சாரமோ, செங்கல் அளவு கனத்த மின்கலமோ வேண்டும். லயத்து வீட்டில் மின்சாரம் ஏது? 1947ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுக் கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. வால்வைப் போல் இது சூடேற வேண்டியதில்லை; டார்ச் விளக்குக்குப் போடும் பேட்டரிகளே போதும். 1950களின் நடுப்பகுதியில் சந்தைக்கு வந்த டிரான்சிஸ்டர் ரேடியோ, அடுத்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் லயத்துச் சமையலறை ஜன்னல்வரை வந்துவிட்டது. வேலையை நிறுத்தாமல் அனுபவிக்கக் கூடிய ஒரே சாதனம் ரேடியோ. அம்மி அரைத்துக்கொண்டே நாடகம் கேட்கலாம். எழுத்தறியாத தாய்க்கு நாட்டு நடப்பும், குழந்தை வளர்ப்பும், விலைவாசியும் காது வழியாக வந்தன. இதைச் சொல்வது வானொலியில் பேசுகிறவன் என்பதால் கொஞ்சம் கழித்துக்கொண்டு கேளுங்கள்.

மின்சாரத்திற்கு வருவோம். பல தோட்டங்களில் முதலில் மின்சாரம் கொடுத்தது ஸ்டோரில் இருந்த எஞ்சின்தான். மாலையில் ஓடும்; இரவு பத்து மணியளவில் நின்றுவிடும். பிள்ளைகள் பாடம் படிக்க அது உதவியது, மறுக்கவில்லை. ஆனால் தாய்க்கு வெளிச்சம் வேண்டியது விடியற்காலை நான்கு மணிக்கு அல்லவா? அந்நேரத்தில் எஞ்சின் ஓடாத தோட்டத்தில் அவளுக்குப் பழைய மண்ணெண்ணெய் விளக்கேதான் துணை.

இதை நினைவில் வைத்துக்கொண்டு மின்சாரச் சோற்றுப் பானையைப் பாருங்கள். ஜப்பானில் தோஷிபா நிறுவனம் 1955ஆம் ஆண்டு அதை விற்பனைக்குக் கொண்டுவந்தது. தண்ணீர் இருக்கும்வரை பானையின் சூடு கொதிநிலைக்கு மேல் போகாது. தண்ணீர் வற்றியதும் சூடு சட்டென்று ஏறும். அந்த ஏற்றத்தில் ஓர் உலோகத் தகடு வளைந்து விசையைத் துண்டித்துவிடும். சோறு குழையாது, அடிப்பிடிக்காது, பக்கத்தில் நின்று பார்க்கவும் வேண்டாம். அதே 1955ஆம் ஆண்டு கோயம்புத்தூரில் சபாபதி என்பவர் மின்சார ஆட்டுக்கல்லை உருவாக்கினார் என்பர். இரண்டுமே தோட்டத்துத் தாய்க்காகச் செய்தவை போல் இருக்கின்றன. ஆனால் எந்நேரமும் மின்சாரம் வந்த பிறகே அவற்றால் பயன். ஆகவே அவை பிறந்து இருபது, முப்பது ஆண்டுகள் கழித்தே பல லயங்களுக்குள் வந்தன. அதுவரை இட்லி, தோசை என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் முதல்நாள் தோள் வலிக்க ஆட்டி வைக்கும் மாவுதான். மிளகாய்த்தூளை டவுன் மில்லில் அரைத்து வாங்கலாம். ஆட்டுக்கல்லை டவுனுக்குக் கொண்டுபோக முடியுமா?

தொலைக்காட்சியின் கதை வேறு. மலேசியாவில் 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் தேதி அது தொடங்கியது. வண்ணத்தில் 1978ஆம் ஆண்டு டிசம்பரில் வந்தது. இதற்கு நம்மவர்கள் மின்சாரத்திற்காகக் காத்திருக்கவில்லை. கார் பேட்டரியை இணைத்துப் படம் பார்த்தார்கள். பேட்டரி தீர்ந்தால் சைக்கிளில் கட்டி டவுன் கடைக்குக் கொண்டுபோய்ச் சார்ஜ் ஏற்றி வருவார்கள். தமிழ்ப்படம் போடும் நாளில் பெட்டி இருக்கும் வீட்டில் லயமே கூடிவிடும். அந்த வீட்டுத் தாய்க்குப் பெருமைதான். வந்தவர்களுக்கெல்லாம் கோப்பி கலக்குவதும் அவள்தான். சோற்றுப் பானைக்கும் ஆட்டுக்கல்லுக்கும் யாராவது பேட்டரி சுமந்தார்களா என்று கேட்டுப் பாருங்கள். அவற்றுக்கு அந்தப் பேட்டரி போதாது என்பது உண்மை. ஆனாலும் வீட்டில் எதை முதலில் வாங்குவது என்ற பேச்சு வந்தபோது, அவள் குரல் கடைசியில்தான் கேட்கப்பட்டது என்பதும் உண்மை.

அவளே விரும்பிக் கேட்டு வாங்கிய சாதனம் ஒன்று உண்டு: தையல் இயந்திரம். காலால் மிதிப்பது, மின்சாரம் வேண்டாம். மாதத் தவணைக்கும் கிடைத்தது. பிள்ளைகளின் பள்ளிச் சட்டையைத் தைத்தாள். தீபாவளி நெருங்கினால் பக்கத்து வீட்டாருக்கும் தைத்து நாலு வெள்ளி பார்த்தாள். அவளுக்குத் தன் கையில் காசு தந்த சாதனம் அது ஒன்றே. தவணைக்கு வாங்கும் பொருள்களுக்கு 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டம் ஒழுங்கு வகுத்தது.

இவ்வளவு சாதனங்களில் தாயின் நேரத்தை அதிகம் மிச்சப்படுத்தியது எது என்று என்னைக் கேட்டால், கடையில் விற்காத ஒன்றைத்தான் சொல்வேன்: வீட்டுக்குள் வந்த தண்ணீர்க் குழாய். நாளுக்குப் பத்துப் பதினைந்து நடை வாளி சுமந்த கைக்குத் தெரியும் அதன் அருமை. அதைத் தவணையில் வாங்க முடியாது. தோட்ட நிர்வாகம் போட்டால்தான் உண்டு. தொழிலாளர் வீடுகளின் குறைந்தபட்சத் தரத்திற்கு 1966ஆம் ஆண்டு ஒரு சட்டம் வந்தது. அதன் இடத்தில் வந்த 1990ஆம் ஆண்டுச் சட்டம், குழாய்த் தண்ணீரும் மின்சாரமும் தருவது முதலாளியின் கடமை என்று தெளிவாக வகுத்தது. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் குழந்தைக் காப்பகம் வைக்க வேண்டும் என்பதும் அதில் உண்டு. பழைய ஆயாக் கொட்டகைதான், சட்டத்தின் மொழியில். அந்தச் சட்டம் வந்த காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்துகொண்டிருந்தது. பல குடும்பங்கள் ஆட்டுக்கல்லை லயத்து வாசலிலேயே விட்டுவிட்டு, சோற்றுப் பானையோடும் தையல் இயந்திரத்தோடும் லாரி ஏறி டவுனுக்குப் போய்க்கொண்டிருந்தன.